அபாயப் பலகை மாட்டிய கதை

அன்றைக்கு எனக்கு ஒரே வேலைதான். மில்லுக்குப் புதிதாக வந்த பேட்டரி அறையை இன்ஸ்பெக்டருக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அவர் முடியாது என்றால் அறைக்குப் பூட்டு. எனக்கு முதலாளியிடம் பாட்டு.

கோவில்பட்டி மில்லில் நான் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். வயது ஐம்பத்திரண்டு. நூற்றுப் பத்து செல்கள், மொத்தம் இருநூற்று இருபது வோல்ட். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் செல்லுக்குள் இருக்கும் மின்சாரம் எங்கேயும் போகாது! இதை நினைத்தே எனக்குத் தூக்கம் கெட்டது.

எல்லாவற்றையும் நானே யோசித்து அமைத்தேன். செல்களை நான்கு பகுதியாகப் பிரிக்க, நடுவில் கழற்றும் இணைப்புப் பட்டைகள்; கழற்றிவிட்டால் ஒரு பகுதியில் கால்வாசி வோல்ட்தான். வாயு வெளியேற மின்விசிறி. மோதிரம், வாட்ச், உலோகச் சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது.

இன்ஸ்பெக்டருக்குக் காட்டுவதற்காகக் காலையிலேயே பட்டைகளைக் கழற்றி வைத்தேன்.

ஃபிட்டர் செல்லையா மாலை, தேங்காய், தட்டில் கற்பூரம் சகிதம் வந்து நின்றார். பூஜை போடாமல் எங்கள் மில்லில் ஒரு போல்ட்டு கூடத் திரும்பாது.

"செல்லையா, தட்டு உள்ள வரக் கூடாது. பித்தளை."

"கற்பூரம் சார்?"

"பேட்டரி வாயு இருக்கு. வெடிச்சிரும்."

"மாலையாவது?"

"ஈரமா இருக்கு."

"சாமியவே வெளிய நிக்க வச்சிட்டியளே! உள்ள வரணும்னா சாமியும் உங்க கையெழுத்து வாங்கணுமோ?"

வாசலிலேயே தேங்காய் உடைந்தது; மாலையும் அங்கேயே தொங்கியது. எனக்கு உறுத்தல். ரொம்பத்தான் பயப்படுகிறேனோ?

அதற்குள் இன்ஸ்பெக்டரின் ஜீப் சத்தம். ஐயோ, அபாயப் பலகை மாட்டவில்லையே!

கடம்பூர் பெயிண்டர் எழுதித் தந்த பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆணி செல்களுக்கு நேர் மேலே இருந்தது. அங்கே அடித்ததும் நான்தான். ஸ்டூலில் ஏறினேன். பலகை கைநழுவிச் செல்களின் மேல் விழுந்தது.

டமால்!

நீல வெளிச்சம், புகை. அடுத்த நொடி நான் வாசலில், தேங்காய் மூடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

"சார்! உசிரு இருக்கா?"

"இருக்கு."

"கை?"

"ரெண்டும் இருக்கு."

செல்லையா ஒரு மரக்கம்பால் பலகையைத் தள்ளி எடுத்தார். ஒரு மூலை உருகிப் போயிருந்தது. பெயிண்டர் பழைய எண்ணெய் டின்னை வெட்டி எழுதியிருக்கிறார்! செல்லையா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"'உலோகப் பொருள் கொண்டு வராதீர்'னு போட்டிருக்கு. நீங்க படிக்கலையா சார்?"

"வாசகம் எழுதிக் கொடுத்ததே நான்தான்."

நிமிர்ந்தேன். இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். அனுமதி போயிற்று என்று நினைத்தேன்.

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். "பட்டையெல்லாம் முன்னாலயே கழட்டியாச்சா?"

"ஆமா சார்."

"அதான் ரெண்டு செல்லோட போச்சு. நாலாப் பிரிக்காம இருந்திருந்தா, அந்த மாலை இப்போ உங்க போட்டோவுக்கு. நல்ல ஏற்பாடு!"

அங்கேயே அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரே ஒரு நிபந்தனை:

"சூப்பர்வைசர் இந்த அறைக்குள் தனியாக நுழையக் கூடாது."