வெள்ளைக்காரிக்கு வாதாடிய பாவம்மா

திருவண்ணாமலைக்கு வரும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து மனசாரக் கண்கலங்கிய ஒரே ஜீவன் பாவம்மாதான். யாரைப் பார்த்தாலும் "பாவம்" என்றே பேச்சைத் தொடங்குவார். அதனால் எங்கள் அலுவலகத்தில் வைத்த பெயர் அது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பதிவு செய்யும் அலுவலகத்தில் நான் குமாஸ்தா; சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவன். பாவம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், அறுபது தாண்டியவர். முகாமுக்கு வெளியே, செங்கம் ரோட்டில் மகளோடு ஒற்றை அறையில் இருந்தார். மாதாமாதம் கையெழுத்துப் போட வருவார். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். வெறுங்கால், சாயம் போன வேட்டி, தோளில் ஒரு துணிப்பை.

"பாவம் தம்பி, இந்தச் சனம் எந்தச் சண்டையில தப்பி வந்தது?"

"அவங்கல்லாம் வசதியானவங்கம்மா. சாமி தேடி வந்துருக்காங்க."

"அப்பிடித்தான் சொல்லுவினம். மானம் இருக்கெல்லோ!"

அடுத்த மாதம் ஒரு பை நிறையப் பழைய செருப்புகளோடு வந்தார். ஆறடி வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் பிரசாதம்போல் வாங்கி, பாதிப் பாதத்தை மட்டும் நுழைத்துக்கொண்டு நடந்தார். பிறகு ஒரு பிரான்ஸ்காரிக்குப் பாடம் நடந்தது. "ஷெல் குண்டு வரேக்க இப்பிடிக் குப்புறப் படுக்கோணும் பிள்ளை" என்று தரையில் படுத்தே காட்டினார். அவள் யோகாசனம் என்று நினைத்துப் பக்கத்தில் படுத்தாள். பின்னால் நின்ற மூன்று பேரும் படுத்தார்கள். நான் கோப்போடு அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

ஒருநாள் பாவம்மா முகாமுக்கு வெளியே தங்குவதற்கான அனுமதி முடிந்தது. புதுப்பிக்காவிட்டால், தனி அனுமதி வைத்திருந்த மகளை விட்டுவிட்டுத் தனியாக முகாமுக்குப் போக வேண்டும். அன்றைக்கு அதிகாரி காலையிலிருந்தே எரிந்து விழுந்துகொண்டிருந்தார். பாவம்மாவுக்கு முன்னால் நின்ற அந்தப் பிரான்ஸ்காரியிடம், விசா முடிந்துவிட்டதால் ஒரு வாரத்தில் ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார். அவள் அழுதாள்.

பாவம்மா தன் மனுவை மேஜைமேல் போட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஐயா, இவளைத் திருப்பி அனுப்பிப் போடாதேங்கோ!"

"யம்மா, அவங்க ஊர்ல சண்டையே கெடையாதும்மா!"

"சண்டை இல்லாட்டில் ஆர் ஐயா சொந்த வீட்டை விட்டுட்டு வருவினம்?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். பிரான்ஸ்காரிக்குச் சட்டத்தில் இடமில்லை. பாவம்மாவின் மனுவில் மட்டும் கையெழுத்துப் போட்டார். பாவம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப இவளுக்கு?" என்றார்.

இரண்டு வருஷமாக அவர் பெயரையும் எண்ணையும்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியைவிட்டு எழுந்து கேட்டேன்: "யாழ்ப்பாணத்துல உங்க வீடு எப்படிம்மா இருக்கும்?"

சாப்பாட்டு நேரம் முடியும்வரை சொன்னார். வரிசை காத்திருந்தது, முதல்முறையாக நான் யார்மேலும் எரிந்து விழவில்லை.