யோங்னிங் மலைக்கு அப்பன் வந்து சேர்ந்த வரலாறு

சீனப் பேரரசர் மனித குலத்துக்கு அருளிய கொடைகளில் தலையாயது அப்பன். அதற்குமுன் யோங்னிங் மலையில் அப்படியொரு பதவியே இல்லை. ஆண்கள் அந்தி சாய்ந்ததும் மனசுக்குப் பிடித்தவள் வீட்டுக்குப் போவார்கள். விடிந்ததும் தாய்வீட்டுக்குத் திரும்பிக் கஞ்சி குடிப்பார்கள். பிள்ளைகளைத் தாயும் தாய்மாமனும் வளர்த்தார்கள். இந்த 'இருளிலும்' பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது அதிகாரிகளை மிகவும் கவலைப்படுத்தியது.

மலைத்தலைவர் இறந்ததும் கவலை முற்றியது. பேரரசரின் சட்டப்படி, தலைவரின் மகனுக்குத்தான் ஆட்சி முத்திரை. மகன் இல்லையென்றால் வெளியூர் அதிகாரி வந்து ஆள்வார். அப்படியொருவர் ஆளும் பக்கத்து மலையில் கோழிக்கும் வரி.

எர்ச்செமா என்பவள் வீட்டு வாசலில் இரவுகளில் தலைவரின் குதிரை நின்றதுண்டு என்று கேள்விப்பட்டு, ஃபான் என்ற அதிகாரி குடையோடு வந்தார். அடுப்படியில் அமர்ந்தார். வெண்ணெய்த் தேநீரை வீரத்துடன் விழுங்கினார். கேட்டார்:

"உன் மகன் கத்துசாவுக்கு அப்பன் யாரு?"

உடன்பிறந்தவர்கள் கூடியிருக்கும்போது இந்தப் பேச்சை எடுத்தால் யோங்னிங்கில் மானம் போகும். எர்ச்செமாவின் அண்ணன் லூசோவுக்குக் கோவேறு கழுதை ஞாபகம் வந்தது, எழுந்து போனார். தம்பிக்குப் பன்றி ஞாபகம் வந்தது. ஃபான் கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளர் அவளுக்குப் பெரியம்மா மகன்; அண்ணன் முறை. அவரும் செருப்பைத் தேடினார்.

விசாரணை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே செவ்வனே தொடர்ந்தது. உப்பு வியாபாரிகளிடம் பொறுக்கிய சீனம் எர்ச்செமாவிடம் கொஞ்சம் இருந்தது.

சொன்னால் மகன் தலைவரின் மாளிகைக்குப் போவான். சொல்லாவிட்டால் மலையே போகும். அடுப்பை ஒருமுறை கிளறிவிட்டுச் சொன்னாள். "தலைவர்தான் ஐயா. நல்ல மனுஷன். வர்றப்பல்லாம் வெண்ணெய் கொண்டுவருவாரு."

ஃபான் மகிழ்ந்தார். ஆனால் வாரிசு என்றால் முறைப்படி மணந்த மனைவியின் மகனாக இருக்கவேண்டுமாம். ஆகவே கத்துசா இனி, அதிகாரிகளுக்காகத் தலைவர் மணந்துவைத்த, மகனில்லாத மாளிகைச் சீமாட்டியின் பிள்ளை.

"அப்ப நான் யாரு ஐயா?"

"சட்டப்படி நீ யாருமில்லம்மா. அவன் இங்க வந்துபோறதும் அழகில்ல."

இவ்வாறு கத்துசாவுக்கு ஓர் அப்பன் கிடைத்தார். இறந்தவர் என்பதைத் தவிர வேறு குறையில்லாதவர். லூசோ திரும்பிவந்து, தான் வளர்த்த பிள்ளையின் இடைக்கச்சையை இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டியதையே அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு அவனைக் குதிரையேற்ற வெளியே அழைத்துப்போனார்.

எர்ச்செமா அதிகாரியின் கிண்ணத்தை நிரப்பினாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா ஐயா?"

"மூணு பசங்க," என்றார் ஃபான் பெருமையாக.

"பெரியவன் எவ்வளவு உசரம்?"

ஃபான் கையைத் தூக்கினார். கொஞ்சம் இறக்கினார். மறுபடி தூக்கினார். "வேலைக்கு வந்ததுலேருந்து ஊர்ப்பக்கம் போகவே முடியல," என்றார்.

"யாரு பாத்துக்கறா?"

"அவங்க தாய்மாமன்."

வெளியே குளம்புச் சத்தம் கேட்டது. எர்ச்செமா கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அப்பன்ங்கறது எதுக்கு ஐயா? என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டுந்தானா?"