களத்துக்கு வந்த பனித்தகடு

நான் பனிக்கட்டியை ஃபிரிட்ஜில் மட்டுமே பார்த்தவள். ஆனாலும் பனி தள்ளும் தகடு ஒன்றுக்கு முழு உரிமைக்காரி. திருவண்ணாமலை மாவட்டத்தில் இப்படி இன்னொருவர் இருக்க வாய்ப்பில்லை (இருந்தால் சொல்லி அனுப்புங்கள், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழலாம்).

நாலு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மெக்கானிக்கல் முடித்து, சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினோரு மாதம் இருந்துவிட்டு, "என் மூளைக்கு இங்கே வேலையில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வேங்கிக்கால் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். (மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "கரெக்ட்டுதான்" என்று கையெழுத்துப் போட்டார். அதன் அர்த்தம் எனக்குப் புரியப் பல மாதம் ஆனது.) அப்பா எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. எதையாவது செய்து காட்டியாக வேண்டும் என்று உடம்பெல்லாம் அரித்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் சித்தப்பா விவசாயம் பார்க்கிறார். அவரிடம் முன்பக்கம் லோடர் வைத்த டிராக்டர் உண்டு. எருவும் மண்ணும் அள்ளும் இரண்டு இரும்புக் கைகள், நுனியில் ஒரு பக்கெட். அறுவடைச் சமயத்தில் அந்த இரும்புக் கைகள் சும்மா நிற்கும், மனுஷர்களுக்குத்தான் கை ஒடியும். நெல்லைச் சிமெண்ட் களத்தில் பரப்ப வேண்டும். மாலையில் பலகையால் இழுத்துக் குவிக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். விடிந்தால் மறுபடி பரப்ப வேண்டும். நடுவில் மேகம் கறுத்தால் ஓட வேண்டும். "வானம் இருட்டறதுக்கு முன்னாடி என் இடுப்பு வலிக்க ஆரம்பிச்சிடுது" என்பார் சித்தப்பா.

வேலூர் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில்தான் அதைப் பார்த்தேன். எங்கோ குளிர் நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஓட்டை உடைசல்களுக்கு நடுவே, மஞ்சள் பெயின்ட் உரிந்துபோய், ஆள் உயரத்தில் பாதி, பத்தடி அகலம், உள்பக்கமாக வளைந்த ஒரு தகடு. பின்னால் முக்கோணச் சட்டம், பெரிய ஸ்பிரிங்குகள், எண்ணெய் ஒழுகும் இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்கள். அடுத்த வாரம் துண்டு துண்டாக வெட்டுவதாக இருந்தார்கள். போனில் தேடிப் பார்த்தேன். பனி தள்ளும் தகடு. வீடியோவில் ஒரு டிராக்டர் வெள்ளை வெளேரென்ற சாலையில் போகிறது, பனி பொங்கல் பொங்குகிற மாதிரி ஓரமாகச் சுருண்டு சுருண்டு விழுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பனியும் நெல்லும் ஒன்றுதானே! இரண்டும் தரையில் பரவிக் கிடக்கின்றன, இரண்டையும் தள்ள வேண்டும். கடைசி மாதச் சம்பளத்தைக் கொடுத்துத் தகட்டை வாங்கி, டவுனில் கேட்டும் கிரில்லும் செய்கிற நஸீர் பாய் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினேன்.

"இன்னாம்மா இது? கப்பலை உடைச்சிட்டு வந்துட்டியா?"

"ஐஸ் தள்ளுற தகடு பாய். வெளிநாட்டுல ரோட்டு மேல ஐஸ் விழுந்தா இதை டிராக்டர்ல மாட்டித் தள்ளுவாங்க."

"நம்ம ரோட்டு மேல வெயில்தானே விழுது. அதைத் தள்ளுமா?"

"நெல்லு தள்ளப் போறோம் பாய்."

பாய் தகட்டைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தகட்டின் மேல் வந்த மரியாதை என் மேல் வரவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

பத்து நாள் வேலை. முதலில் பத்தடியை எட்டடியாகக் குறைத்தோம், இல்லையென்றால் கனத்தில் டிராக்டரின் பின்சக்கரம் எழும்பிவிடும். லோடரில் பக்கெட்டைக் கழற்றி, அது மாட்டியிருந்த துளைகளுக்கு அளவெடுத்து, தகட்டின் முதுகில் கனத்த இரும்புப் பட்டையில் மாட்டுவதற்கு நாலு காது வைத்து வெல்டிங் செய்தோம். முதல் தடவை என் அளவு ஒரு விரல் தப்பு. (வெட்டி எடுத்த காதைப் பாய் பட்டறை வாசலில், வருகிறவர்கள் பார்க்கும்படி மாட்டிவைத்தார்.) அடியில் இருந்த இரும்பு விளிம்பு நெல்லை நசுக்கும், களத்தையும் சுரண்டும் என்று, அதைக் கழற்றிவிட்டுக் கல்குவாரியில் தூக்கிப்போட்ட ரப்பர் பெல்ட்டை வெட்டிப் போல்ட் போட்டோம். இது மட்டும் இன்றைக்கும் நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். என் வாழ்க்கையின் அந்தப் பகுதியில் வேறு நல்ல யோசனை இல்லை.

பிரச்சினை அந்த இரண்டு சிலிண்டர்களில் வந்தது. தகட்டை இடதாகவோ வலதாகவோ சாய்க்கிறவை அவை. இரண்டும் செத்துப்போயிருந்தன. சித்தப்பாவின் டிராக்டரில் அவற்றுக்குக் கொடுக்க உபரி எண்ணெய்க் குழாயும் இல்லை. ஆகவே இரும்புக் குழாய் வைத்துத் தகட்டை ஒரே நிலையில் நிரந்தரமாகப் பூட்டிவிட வேண்டியதுதான்.

"நேரா வச்சிடலாம்மா" என்றார் பாய்.

"நேரா வச்சா மொத்த நெல்லும் முன்னாடியே சேரும். சுமை ஜாஸ்தி. சாய்வா வச்சா அது பாட்டுக்கு ஓரமா ஒதுங்கிடும், சுமை கம்மி."

"எந்த ஓரமா?"

"வலது ஓரமா."

"அங்க ஆளு இருந்தா?"

"அங்க யாரும் இருக்க மாட்டாங்க பாய்."

வீடியோவில் யாரும் இல்லை. அதை நம்பித்தான் சொன்னேன். பாய் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, தகட்டை வலப்பக்கம் சாய்த்துப் பற்றவைத்தார்.

எங்கள் களத்தில் வலது ஓரத்தில் இருந்தவர் வசந்தா அத்தை.

சொந்த அத்தை இல்லை. சித்தப்பாவின் பக்கத்து நிலத்துக்காரர், தனி ஆள். அந்த வட்டாரத்தில் கருங்குறுவை என்ற பழைய நெல் ரகத்தைக் கலப்பில்லாமல் வைத்திருந்தவர் அவர்தான். அதன் உமியே கறுப்பாக இருக்கும், உள்ளே அரிசி சிவப்பு. கதிர் வந்ததும் வயலுக்குள் இறங்கி, வேறு ரகத்துக் கதிர் ஒன்று தலைகாட்டினாலும் பிடுங்கி எறிந்துவிடுவார். அவரிடம் விதை வாங்க ஏழெட்டு வீடுகள் காத்திருந்தன. அன்றைக்குக் களத்தில் அவர் காயப்போட்டிருந்தது அவ்வளவும் விதைநெல். வேறு கையிருப்பு ஒரு படிகூட இல்லை. இடப்பக்கம் சித்தப்பாவின் மஞ்சள் நெல், வலப்பக்கம் அத்தையின் கறுப்பு நெல், நடுவில் ஒரு சாண் வெறும் சிமெண்ட். பொதுக்களத்தில் அந்த ஒரு சாண்தான் மதில். அதைத் தாண்டி ஒருவர் பலகை இன்னொருவர் பக்கம் போகாது. கோழி விரட்டுகிறவர்கள்கூட அதைத் தாண்டாமல் நின்றுதான் விரட்டுவார்கள். பனிக்குச் சொந்தக்காரர் கிடையாது. நெல்லில் ஒவ்வொரு மணிக்கும் சொந்தக்காரர் உண்டு. நான் படித்த நாலு வருஷத்துப் புத்தகங்களில் இது இல்லை.

தை மாசம். மழை வரக் கூடாத மாசம். தகடு மாட்டிய டிராக்டர் களத்தோரம் நின்றது. பிற்பகலில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பா தார்ப்பாய் எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். போகும்போதே கத்தினார்: "நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாத!"

தொட்டேன்.

அத்தை பலகையை எடுத்துக்கொண்டே கேட்டார்: "பாப்பா, அந்த மிஷினு என் பக்கம் வராதில்ல?"

"வராது அத்தை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்ஜினியரிங்" என்றும் சொன்னேன்.

தன் கைவேலையைப் பார்க்க வந்திருந்த நஸீர் பாய் களத்தோரம் நின்று போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். நான் லோடரை இறக்கி, கியர் போட்டேன். நெல் சுருண்டது! வீடியோவில் பார்த்த அதே சுருள், அதே அழகு. எட்டடித் தகடு முன்னால் மறைத்ததில், அது எங்கே போய் விழுகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. களத்தின் கோடிக்குப் போய், தகட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி இரண்டாவது ஓட்டம். அத்தை இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். மழை வருகிறது, சீக்கிரம் என்கிறார் என்று நினைத்தேன். நானும் கையை ஆட்டினேன். மூன்றாவது ஓட்டத்தில் அவர் கத்துவது தெரிந்தது, இன்ஜின் சத்தத்தில் வார்த்தை தெரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். (பாய் எடுத்த வீடியோவில் அந்தக் கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. பின்னணியில் அவர் குரலும்: "யா அல்லா, நேரா வச்சிடலாம்னு சொன்னேனே.") நாலாவது ஓட்டத்தில் அத்தை டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

பிரேக்கை மிதித்து இறங்கினேன்.

ஒரு சாண் சிமெண்டைக் காணோம். ஒரே குவியல், புள்ளி புள்ளியாக, எள்ளும் அரிசியும் கொட்டிக் கலந்த மாதிரி. குவியல் என்னவோ அருமையான குவியல்தான். அத்தை குந்தி உட்கார்ந்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"இனிமே இது விதை இல்ல பாப்பா" என்றார். "சோறு."

முதல் தூறல் விழுந்தது. சித்தப்பா தார்ப்பாயோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏன்டி, நம்ம நெல்லு எங்க?"

"இருக்குது சித்தப்பா."

"எங்க இருக்குது?"

"அத்தை நெல்லுல."

"அத்தை நெல்லு எங்க?"

"நம்ம நெல்லுல."

அவர் தார்ப்பாயைக் கீழே போட்டார். அதை எடுத்து விரிக்கவே யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நஸீர் பாய்தான் ஒரு முனையைப் பிடித்து, "மூடுங்க, அப்புறமா அழுவலாம்" என்றார். அதற்குள் மேலாக நன்றாக நனைந்துவிட்டது.

கொள்முதல் நிலையத்தில் கறுப்பு மணியைப் பார்த்ததும் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா வீட்டில் அடுத்த பல மாதம் அந்த நெல்லை அரைத்துத்தான் சோறு. வெள்ளையும் சிவப்புமாகத் தட்டில் விழும்போதெல்லாம் சித்தி என் பெயரைச் சொல்லித்தான் பரிமாறினாராம். நான் எட்டு மூட்டையை வேங்கிக்கால் கொண்டுவந்தேன். ஹாலில் படுக்கை விரிப்பைப் போட்டுக் கொட்டி, கறுப்பு மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தேன். உமி நிறம் வேறு என்பதால் முடியும் என்று கணக்குப் போட்டேன் (என் கணக்குகளைப் பற்றி உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்). மூன்றாம் நாள் ஆபீஸ் விட்டு வந்த அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினார். அப்போதும் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நஸீர் பாய் வருவார். வெல்டிங் பொறி பார்த்துப் பழகிய கண்ணுக்கு நெல் தெரியவில்லை என்று ஒரு பூதக்கண்ணாடியோடு வருவார். "நேரா வச்சிருந்தா இன்னிக்கு நான் பிரியாணி தின்னுட்டுத் தூங்கியிருப்பேன்" என்று மணிக்கொரு தரம் சொல்வார்.

இரண்டு மாதத்தில் தேறியது ஒரு சின்னப் பை. கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன். கையில் கொட்டி, ஊதி, பார்த்தார்.

"நல்லாத்தான் பொறுக்கியிருக்க. ஆனா இது ஒரு மூலைக்குத்தான் காணும்."

காத்திருந்த ஏழெட்டு வீட்டுக்கும் அவரே நடந்துபோய், இந்த வருஷம் விதை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு மூலையில் நட்ட பயிரிலும் மஞ்சள் கதிர்கள் எட்டிப் பார்த்தன. என் பொறுக்கலின் லட்சணம். அவற்றை அவர் பிடுங்க, நான் வாங்கி வரப்பில் போட்டேன். பழைய அளவு விதை திரும்பிவர மூன்று வருஷம் ஆனது. அதற்குள் ஏழெட்டு வீட்டில் பாதிப் பேர் வேறு ரகத்துக்குப் போய்விட்டார்கள்.

அத்தை அதன் பிறகு பொதுக்களத்துக்கு வருவதில்லை. விதைநெல்லைத் தன் வீட்டு மொட்டை மாடியில் காயவைக்கிறார். முட்டி வலி என்பதால் மூட்டையை மேலே ஏற்றுவது என் வேலை. நானாக எடுத்துக்கொண்ட வேலை. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டேன், ஆனாலும் தை மாசம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்விடுவேன். மாடிப்படியின் கடைசிப் படியில் மூட்டையை வைக்கலாம். அதற்குமேல் எனக்கு அனுமதி இல்லை. "அங்கயே வச்சிட்டு இறங்கிடு பாப்பா. கால் படாம."

இந்தத் தையில் மூட்டையை வைத்துவிட்டு நிற்கும்போது, வானம் திடீரென்று இருட்டியது. அத்தை ஒண்டியாகப் பலகையை இழுத்துக்கொண்டிருந்தார், இருமல் வேறு. திரும்பி என்னைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டிட்டு வா. அந்த ஓரத்தத் தள்ளு."

நான் ஆசையாக இன்னொரு பலகையை எடுக்கப் போனேன்.

"அதைத் தொடாத. கையால."

அப்பாவிடம் இதைச் சொன்னதுதான் தப்பு. அவர் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். சித்தப்பா சித்திக்குச் சொன்னார். இப்போது நான் மிக்ஸியைப் போட்டாலும், ஸ்கூட்டர் சாவியை எடுத்தாலும், டிவி ரிமோட்டைத் தொட்டாலும் வீட்டில் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "கையால!" போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு வீட்டு வேலையெல்லாம் செய்யுங்களா?" என்று கேட்டார். அப்பா, சித்தப்பா, சித்தி மூன்று பேரும் ஒரே நேரத்தில் "கையால!" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்குச் சிரித்து, சிரித்ததற்கு விளக்கம் சொல்ல, கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. வந்தவர்கள், நான் கட்டைவிரல் காட்டிய இடம் வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தை குந்தி உட்கார்ந்து ஒரு கை நெல்லை அள்ளுகிற இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும், நான் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.