மெமரி பத்தாத மெஷினும் மூன்று பொருத்தமும்

மாத்தளை
2006 ஒக்டோபர்

அன்பும் மரியாதையும் உள்ள நல்லம்மா அக்காவுக்கு, தம்பி அழகையா கும்பிட்டு எழுதுவது. எல்கடுவைக் குளிரில் அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். இங்கே கிருஷ்ணம்மா, மகள் புஷ்பவதி, நான் மூவரும் சுகம். கம்பியூட்டருக்குத்தான் சுகமில்லை.

நேரில் சொல்லவேண்டிய விசயம்தான். ஆனால் நான் வந்தால் நீங்கள் கதவைத் திறப்பதில்லை, போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஒரே அக்கா பேசாமல் இருப்பது எனக்குச் சோறு இறங்காத கவலையாக இருக்கிறது. கடிதத்தையாவது பாதியில் வைக்கமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் உங்கள் மகன் நாகமுத்துவுக்கும் என் மகள் புஷ்பவதிக்கும் பொருத்தம் பார்க்க என் கொமினிகேஷன் கடைக்கு வந்தீர்கள். எனக்குச் சோதிடம் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். போன் கோல், போட்டோ கொப்பி, சாதகம் மூன்றும் எடுத்துக் கொடுப்பேன், மூன்றையும் மெஷின்தான் செய்கிறது. நீங்கள் பிறந்த தேதிகளைச் சொன்னீர்கள், புஷ்பா தட்டினாள், மெஷின் வெகுநேரம் உறுமியது. பிறகு திரையில் மெமரி பத்தாது என்று ஓர் அறிவித்தல் வந்தது, அதை அந்தப் பிள்ளை ஏன் சத்தமாக வாசித்தாள் என்று தெரியவில்லை, அதற்குப் பின்னால் பத்துக்கு மூன்று பொருத்தம் என்று காகிதமும் வந்தது. நீங்கள் எழுந்து நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “தனக்கு மெமரி பத்தாதுன்னு அதுவே சொல்லுது. அப்புறம் என் மகனப் பத்தி அதுக்கு என்னடா தெரியும்? மெமரியப் போட்டுட்டு மறுபடி பாரு. இல்லன்னா என்னைய அக்கான்னு கூப்பிடாத.”

நான் மூன்று பொருத்தத்துக்கே சம்மதித்திருப்பேன் அக்கா. கிருஷ்ணம்மாதான், “மூணுல புள்ளயக் குடுத்துட்டு நான் எப்புடிங்க நிம்மதியா இருப்பேன்?” என்று மூலையில் உட்கார்ந்துவிட்டாள். ஆகவே உங்கள் சொல்லைத் தட்டாமல் கம்பியூட்டர் திருத்துகிற பலீலைக் கூப்பிட்டேன். அவன் வந்தது ராகு காலத்தில். மெஷினின் மூடியை அந்த நேரத்தில் கழற்றுவதற்குக் கிருஷ்ணம்மா விடவில்லை, ஆகவே அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான், பிறகு ராகு காலம் முடிந்தது, அவனுக்குத் தொழுகைக்கு நேரமாயிற்று, போய்விட்டான். திரும்பி வந்து கழற்றிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் உங்கள் தம்பி பெண்டாட்டி மெஷினுக்குச் சாம்பிராணி போட்டு, விபூதி பூசி, பூ வைப்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் உள்ளே போயிருக்கிறது. “ஐயா, உள்ளுக்கு ஒரு கோயிலே ஈக்கிது” என்றான். விபூதியை ஊதி எடுத்துவிட்டால் கூடுதல் பொருத்தம் வருமா என்று கேட்டேன். அவன், இந்த மெஷினுக்குப் போடுகிற பழைய மெமரி இப்போது புதிதாக வருவதில்லை, கண்டியில் பாவித்த சாமான் கடையில் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றான்.

அதிர்ஷ்டத்தை நம்பிக் கண்டிக்குப் போனேன். கிடைத்தது, விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. திரும்பி வரும் வழியில் செக்பொயின்டில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஆமிக்காரப் பையன் ஒருவன் என் சட்டைப்பையில் இருந்த தகட்டை எடுத்து, இது என்ன, எதை வெடிக்க வைப்பது என்று சிங்களத்தில் கேட்டான். கம்பியூட்டரின் மெமரி, சாதகம் பார்க்க என்றேன். சாதகம் என்று கேட்டதும் தகட்டைத் திருப்பித் தந்து கையை நீட்டினான். எனக்குக் கைரேகை தெரியாது, கம்பியூட்டரில் தட்டிப் பார்க்கத்தான் தெரியும் என்றேன். பரவாயில்லை, பாருங்கள் என்றான். நம் மாத்தளைப் பக்கத்து யட்டவத்தப் பையனாம், அடுத்த வாரம் சண்டை நடக்கிற வடக்குக்கு மாற்றமாம். நீண்ட ஆயுள் என்று சொன்னேன். பொய்யோ மெய்யோ தெரியாது அக்கா. பிறகு இன்னும் இரண்டு ஆமிக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பஸ் டிரைவரும் கையை நீட்டினார், அவருக்கும் நீண்ட ஆயுள் சொல்லித்தான் பஸ் புறப்பட்டது.

இவ்வளவு ஆயுளைக் கொடுத்துக் கொண்டுவந்த மெமரி மெஷினில் ஏறவில்லை. தகட்டில் உள்ள வெட்டு ஓரிடத்தில், மெஷினில் உள்ள பல்லு வேறிடத்தில். இனி ஒரே வழி மதர்போட்டை மாற்றுவதுதான் என்றான் பலீல். “மாத்து” என்றேன். “மதர்போட்ட மாத்தினா புரொசசரும் மாத்தணும் ஐயா.” “மாத்து.” “அப்ப பவர் சப்ளையும் பத்தாது.” அதையும் மாற்றச் சொன்னேன். கடைசியில் பழைய மெஷினில் மிஞ்சுவது எது என்று கேட்டேன். கிருஷ்ணம்மா பூசிய சந்தனப் பொட்டு இருக்கிற வெளிப்பெட்டி மட்டும்தானாம். அத்தோடு இந்தப் பழைய சாதகப் புரோகிராம் புது மெஷினில் ஓடுமா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம் என்றான். மெமரி கூடினால் பொருத்தம் கூடுமா என்று இன்னொரு தடவை கேட்டேன். “வேகமாச் சொல்லும் ஐயா” என்றான். மூன்றை வேகமாகச் சொல்லவா இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் யோசித்து முடிவு எடுத்துவிட்டேன். புஷ்பாவின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்ததில் கையை வைத்து முழு மெஷினையும் மாற்றப்போகிறேன். கல்யாணம் நடப்பதற்காகக் கல்யாணக் காசை எடுப்பதில் தப்பில்லை என்று கிருஷ்ணம்மாவும் சொல்கிறாள். வருகிற புதன்கிழமை நல்ல நேரத்தில் பலீல் சாமான்களோடு வருகிறான். நீங்களும் வந்து பக்கத்தில் இருந்து பாருங்கள், எத்தனை பொருத்தம் வந்தாலும் நான் உங்கள் தம்பிதான். அத்தானுக்கு என் வணக்கம், நாகமுத்துவுக்கு மாமனின் ஆசி. தோட்டத்து அம்மன் உங்கள் வீட்டு வாசலையும் உங்கள் மனதையும் திறந்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் உடன்பிறப்பு
அழகையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனேன், புஷ்பா வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு அழுதாள். “அப்பா, மெஷின் மேல குத்தமில்ல. அன்னிக்கு நாகமுத்து மச்சானோட தேதிய நான்தான் மாத்திப் போட்டேன். மச்சான்தான் வேல செய்யிற சீகிரியாவுலருந்து முந்தியே போன் பண்ணி அப்பிடிப் போடச் சொன்னாரு. மச்சான் பள்ளிக்கூடத்துக்குன்னு நம்ம வீட்டுலயே இருந்து, ரெண்டு பேரும் ஒரே தட்டுல அடிச்சுப் புடிச்சுத் தின்னு வளந்தோம். எங்க ரெண்டு பேருக்குமே கல்யாணம் கட்டுற எண்ணம் இல்லப்பா. அத்தகிட்டச் சொல்லத்தான் பயம்” என்றாள். சரியான தேதியைத் தட்டச் சொன்னேன். அதே பழைய மெஷின், அதே மெமரி, பத்துக்கு ஒன்பது என்று காகிதம் தந்தது. காகிதத்தை நானே அடுப்பில் போட்டேன்.

அக்கா, கோவிக்காதீங்க, புள்ளைகள ஒண்ணும் சொல்லாதீங்க. பலீலை வரவேணாம்னு சொல்லிட்டேன். புது மெஷின் வாங்கினா அது சொல்றத நம்ம நம்பியாகணும். சொந்தக்காரங்க கேட்டா மூணு பொருத்தம்னே சொல்லுங்க, தம்பி வீட்டு மெஷின் பழசு, அதுக்கு மெமரி பத்தாதுன்னும் சொல்லுங்க. பழியத் தாங்குறதுக்கு நம்ம குடும்பத்துல அத விட்டா வேற ஆள் இல்ல.