என் கன்னத்துக்கு ஏற்ற ரேஸர்

இனி என் முகத்தை சிட்டிபாபு கையில் கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தபோது, சவரம் பாதிதான் முடிந்திருந்தது. இடது கன்னம் வழவழவென்று இருந்தது. வலது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. அந்த நுரையோடும், கழுத்தில் கட்டியிருந்த அவன் கடைத் துண்டோடும், பிள்ளையார்பாளையம் நெடுக நடந்து வீடு வந்து சேர்ந்தேன். துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை. சலூன் பெஞ்சில் ஏழு பேர். நாற்காலியில் நான். சிட்டிபாபு என் முகத்துக்கு இரண்டாவது பிளேடு மாற்றினான். மாற்றட்டும். சத்தம் போடாமல் மாற்றியிருக்கலாம். பெஞ்சில் இருந்தவர்களைக் கண்ணாடியிலேயே பார்த்து, "எல்லாம் போய் டீ குடிச்சிட்டு வாங்கப்பா. இது குப்புசாமி அண்ணன் மூஞ்சி. நேரமாவும்" என்றான்.

ஏழு பேரும் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். இரண்டு பேர் உண்மையாகவே எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

நான் சுலபமாக மறக்கிற ஆள் இல்லை. எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் இந்தக் காஞ்சிபுரத்தில் பதினோரு பேர். நோட்டில் எழுதி வைத்ததில்லை. காலையில் பல் துலக்கும்போது வரிசையாக ஒருமுறை நினைத்துக்கொள்வேன். அன்றிலிருந்து பன்னிரண்டாவதாக சிட்டிபாபுவையும் சேர்த்துக்கொண்டேன். பல் துலக்க அரை நிமிடம் கூடுதலாகப் பிடித்தது.

வீட்டில் என் மனைவி தில்லையம்மாள் ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க, பாதி மூஞ்சிய மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"இனிமே அவன் கடைப் படிய மிதிக்க மாட்டேன்."

"சரி. மிச்சப் பாதி?"

"நானே எடுத்துக்குவேன். இந்தக் கையி கோர்வைப் புடவை நெய்யலையா?"

"நெய்யுது. ஆனா புடவை அசையாம இருக்குதுங்க. நீங்க பேசிக்கினே இருப்பீங்களே."

"உசுரு இருக்கிற வரைக்கும் அவன் கையி என் மேல படாது. செத்தப்புறம் வேணா வரட்டும். நான் பாக்கப் போறதில்ல."

"அப்பவும் பாதியில எழுந்து வந்துடுவீங்க" என்றாள்.

என் முகத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முடி அப்பா வழி. துடைப்பக் குச்சிபோல இருக்கும். தோல் அம்மா வழி. துண்டால் அழுத்தித் துடைத்தாலே சிவந்துவிடும். அந்த இரண்டு குடும்பத்துக்கும் கல்யாணப் பந்தலிலேயே சண்டை. அறுபது வருடம் ஆகியும் ஓயவில்லை. இப்போது என் முகத்தில் நடக்கிறது.

முகம் எப்படி இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மற்றவர்களுக்குச் சரி. எனக்கு முகம்தான் தொழில். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து விரலெல்லாம் காய்ப்பு ஏறிவிட்டது. தொட்டால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு முழம் நெய்தால், குனிந்து கன்னத்தை வைத்துப் பார்ப்பேன். ஓர் இழை தடித்திருந்தாலும் கன்னம் சொல்லிவிடும். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள ஓரத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இருபத்தெட்டு வருடமாக நடுவில் நான், ஓரத்தில் தில்லை.

அப்போது தறியில் இருந்தது சந்தன நிறத்தில் ஒரு கூறைப்புடவை. அரக்குக் கரை. திருஞானசம்பந்தம் முதலாளி நெய்யக் கொடுத்த பாவு நூல். எங்கள் பக்கத்தில் முதன்முதலாகக் கையில் செல்போன் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். அதனால் புடவை எப்போது முடியும் என்று நடந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் இடது கன்னத்தை வைத்தே சமாளித்தேன். மூன்றாம் நாள் மறந்துபோய் வலது கன்னத்தை வைத்துவிட்டேன்.

தலையைத் தூக்கினேன். புடவையிலிருந்து ஓர் இழை என்னோடு கிளம்பி வந்தது. இன்னும் தூக்கினால் இன்னும் வரும். கன்னத்தை மறுபடி புடவைமேல் வைத்துவிட்டேன்.

"தில்லை."

"இன்னாங்க, தூக்கமா?"

"மாட்டிக்கினேன்."

அவள் ஓரத்திலிருந்து எழுந்து வந்து ஊசியால் என்னைப் புடவையிலிருந்து பிரித்தெடுத்தாள். இழையைத் தட்டி உள்ளே தள்ளினாள். பிறகு, "எழுந்திருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ஒரு பொண்ணு தாலி கட்டிக்கப் போற புடவை இது. உங்க தாடி கட்டிக்கப் போற புடவை இல்ல. கன்னம் சரியாவுற வரைக்கும் நீங்க ஓரத்துல உக்காருங்க. நடுவுல நான் உக்காந்துக்கறேன்."

"நெய்ஞ்சத நீ எத வெச்சுப் பாப்ப?"

அவள் குனிந்து தன் கன்னத்தைப் புடவைமேல் வைத்தாள். "எங்கிட்டயும் ரெண்டு இருக்குதுங்க. இதுக்கு ரேஸர் வேணாம்."

நடுவிலிருந்து எழுந்தேன். "எடம் எப்போ திரும்பக் கெடைக்கும்?"

"முள்ளும் இருக்கக் கூடாது. ரத்தமும் இருக்கக் கூடாது. அவ்ளோதான். சிட்டிபாபு கிட்ட போனீங்கன்னா இன்னிக்கி சாயந்திரமே எடம் உங்களுது."

"மாட்டேன்."

"அப்போ கரை நாடாவைத் தள்ளுங்க. மெதுவா."

இருபத்தெட்டு வருடமாக நான் அவளிடம் சொல்லிவந்த வார்த்தை அது. மெதுவா.

மறுநாள் காலையில் ராஜாஜி மார்க்கெட் பக்கம் தேவசகாயத்தின் ஃபேன்ஸி ஸ்டோரில் போய் நின்றேன்.

"எந்த மாதிரி ரேஸர் வேணும்ணே?"

"முடி கம்பி மாதிரி. தோலு பட்டு மாதிரி. ரெண்டுக்கும் ஒத்து வரணும்."

தேவசகாயம் என் முகத்தைக் கத்தரிக்காய் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் பார்த்தார். "ரெண்டும் ஒரே மூஞ்சிக்கா?"

முதலில் கொடுத்தது சீப்புபோலப் பல் வைத்த ரேஸர். தடித்த முடிக்கு இதுதான் என்றார். தகரம் மாதிரி லேசு. கனம் இல்லாததால் நான் அழுத்தினேன். நான் அழுத்தியதால் அது கடித்தது. ஐந்து இடம். தினத்தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு தறிக்கு வந்தேன்.

தில்லை என் முகவாய்க்கட்டையில் இருந்த காகிதத்தை உற்றுப் பார்த்தாள். "கன்னி ராசிக்கு இன்னிக்கி பொறுமை வேணுமாம்."

"எடத்த விடு."

"காகிதம் செவந்துக்கினே வருது பாருங்க. சந்தனப் புடவைல சொட்டினா இன்னா பண்றது? ஓரமா உக்காருங்க."

இரண்டாவது, பிளாஸ்டிக்கில் இரட்டை பிளேடு. முதல் பிளேடு முடியைத் தூக்கும், இரண்டாவது பிளேடு வெட்டும் என்று தேவசகாயம் விளக்கினார். முதல் பிளேடு தூக்கியது. தூக்கியதைப் பார்த்து இரண்டாவது பிளேடு நின்றுவிட்டது. நடுவில் முடி அடைத்துக்கொண்டது. குழாயடியில் தட்டித் தட்டிக் கழுவி, போன இடத்திலேயே நாலு தரம் போனேன். அன்று தறி நிறுத்தின பிறகுதான் எடுத்தேன், முகம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாளே, வெட்டின முடி உள்ளேயே சுருண்டு, கழுத்தெல்லாம் கொப்புளம். ஜவ்வரிசி வடாம் காயப்போட்டதுபோல இருந்தேன்.

"முள்ளும் இல்ல, ரத்தமும் இல்ல" என்றேன்.

"இது இன்னா?"

"இதப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே."

"வெச்சுப் பாருங்க" என்றாள். வைத்தேன். கத்தினேன். ஓரத்துக்குப் போய்விட்டேன்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள். என் பேச்சில்லாதவர்கள் பட்டியலில் தேவசகாயத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்தபடி மூன்றாவது முறை போனேன். அவர் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். முழுக்க ஸ்டீல். அடியில் திருகினால் கோயில் கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறந்தது. நடுவில் ஒரே பிளேடு. தறி நாடாவைப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தேன். தலை கனம், காம்பு அடக்கம். இதுதான் என்று என் கை சொன்னது. யாரும் சொல்லித் தரவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நானாகச் செய்த ஒரே சரியான காரியம் அது.

மறுநாள் காலையில் தில்லை இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். "மார்க்கெட்டுக்குப் போனேன். எப்பிடி எடுக்கணும்னு எழுதிக் குடுத்தாங்க."

நான் மூன்றாவது வரை படித்தவன். அவள் எட்டாவது. மேலும் எனக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது. அவளே படித்தாள்.

"வெந்நீர்த் துண்டு ரெண்டு நிமிஷம். முடி ஊறணும். அப்புறம் பிரஷ்ஷால நுரை. கன்னத்துல முடி கீழ்ப்பக்கமா வளருது. கழுத்துல மேல்ப்பக்கமா வளருது. வளர்ற பக்கமே போவணும். ஒரே தரம்."

"என் கழுத்து முடி மேல்ப்பக்கமா வளருதுன்னு தேவசகாயத்துக்கு எப்பிடித் தெரியும்?"

"அதான் திருப்பித் திருப்பிப் பாத்தாருன்னு சொன்னீங்களே. கேளுங்க. அழுத்தக் கூடாது. பேசக் கூடாது."

"பேசக் கூடாதுன்னு எழுதியிருக்குதா?"

"கீழ கோடு போட்டிருக்குது."

பேசாமல் எடுத்தேன். ரேஸர் தன் கனத்திலேயே இறங்கியது. சர் சர் என்று சத்தம். வெண்ணெயில் கரண்டி போவதுபோலப் போனது. பச்சைத் தண்ணீரில் கழுவினேன். படிகாரம் தேய்த்தேன். எரியவில்லை. ஒரு பட்டு இழையை எடுத்து வலது கன்னத்தின்மேல் இழுத்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. இடது கன்னத்திலும் ஓடியது. கழுத்திலும் ஓடியது. எனக்கு ஆட வேண்டும்போல இருந்தது.

ஆடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சிட்டிபாபு சலூன் பக்கமாகப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாவது தடவை அவன் வாசலுக்கு வந்தான். என் கழுத்தை மட்டும் கூர்ந்து பார்த்தான். பள்ளிக்கூட வாத்தியார் கணக்கைத் திருத்திவிட்டுத் தலையாட்டுவாரே, அப்படி ஒரு ஆட்டு ஆட்டினான். பொறாமையில் ஆட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "தில்லை, எடம்" என்றேன்.

அவள் தறியில் இல்லை. சாமி படத்துக்கு எதிரில் கர்ப்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பலிச்சிடுச்சிங்க" என்றாள்.

"இன்னா பலிச்சிது?"

"அன்னிக்கி மூஞ்சியெல்லாம் காகிதம் ஒட்டிக்கினு வந்து நின்னீங்களே, மனசு கேக்கல. மாகறல் செல்லியம்மாவுக்கு வேண்டிக்கினேன். இந்த மனுஷன் மூஞ்சிக்கு ஒரு ரேஸர் அமையணும் தாயே, அமைஞ்சிதுன்னா உன் வாசல்ல வந்து முடி எறக்கறோம்னு."

"எறக்கறோமா? யாரு?"

"நீங்கதான். மூஞ்சி உங்களுதுதானே."

"சரி. நாளைக்கே போய் எறக்கிட்டு வந்துடலாம்."

"அப்பிடியெல்லாம் ஆவாதுங்க. இன்னிலேர்ந்து ஒரு மண்டலம் விரதம். நாப்பத்தெட்டு நாளு தலைலயும் மூஞ்சிலயும் பிளேடு படக் கூடாது."

மாடத்தில் வைத்திருந்த ரேஸரைப் பார்த்தேன். ஒரே ஒரு நாள் காலையில்தான் வேலை செய்திருந்தது.

"ரேஸர் அமைஞ்சதுக்கு வேண்டுதல். அந்த ரேஸரையே தொடக் கூடாதா?"

"சாமி கிட்ட எதிர்க்கேள்வி கேக்காதீங்க."

பன்னிரண்டு மனிதர்களோடு பேசாமல் இருக்கிறவன்தான் நான். குலதெய்வத்தைப் பதின்மூன்றாவதாகச் சேர்க்க எனக்குத் துணிவில்லை.

"அப்போ தறி?" என்றேன்.

"முள்ளு இருக்கக் கூடாதுன்னு பேச்சிருக்குதே" என்று சொல்லி, கர்ப்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடுவில் போய் உட்கார்ந்தாள்.

புடவையை அவளே முடித்தாள். பிசிறு வெட்ட என் ரேஸரிலிருந்து பிளேடைக் கழற்றிக்கொண்டாள். திருஞானசம்பந்தம் முதலாளி செல்போனைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் புடவையைத் தடவிப் பார்த்தார். "குப்புசாமி, இப்பதாம்பா உன் கையி ஒரே சீரா நின்னிருக்குது."

"அது என் கையி இல்லீங்க முதலாளி."

"யாரு கையோ, அடுத்த பாவும் அந்தக் கைக்கே" என்றார். தில்லை என் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள், சொந்தக்காரர்கள் ஒன்பது பேரோடு மாகறல் பஸ்ஸுக்கு நின்றோம். பத்தாவதாகக் கையில் பெட்டியோடு சிட்டிபாபு நின்றான்.

தில்லையைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "இவன் எங்க வரான்?"

"நம்ம கோயில்ல முடி எறக்க ஆளு இல்லீங்க. நம்மதான் கூட்டினு போவணும்."

"காஞ்சிபுரத்துல வேற ஆளே இல்லியா?"

"வேண்டிக்கும்போது வாயில அவரு பேருதான் வந்துடுச்சி. செல்லியம்மா கேட்டுக்கினாங்க. இனிமே மாத்த முடியாதுங்க."

கோயில் வாசலில் பொங்கல் பானை ஒரு பக்கம். மணைப் பலகை ஒரு பக்கம். பலகையில் உட்கார்ந்தேன். தில்லை பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கழுத்தில் கட்டினாள். துவைத்து, மடித்து வைத்திருந்த அதே சலூன் துண்டு.

மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சிட்டிபாபு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேலியாகச் சொல்லட்டும். எழுந்துவிடுவேன். சாமி பார்த்துக்கொண்டுதான் இருக்கும், யார்மேல் தப்பு என்று அதற்கே தெரியும்.

அவன் கேலியே செய்யவில்லை. வெந்நீரில் நனைத்த துண்டை என் முகத்தில் போர்த்தினான். "ரெண்டு நிமிஷம் ஊறட்டும்ணே. கன்னத்துல கீழ்ப்பக்கமா, கழுத்துல மேல்ப்பக்கமா போறேன். அழுத்த மாட்டேன். நீ பேசக் கூடாது."

எங்கேயோ கேட்ட வார்த்தைகள். துண்டை விலக்கிவிட்டு தில்லையைப் பார்த்தேன். அவள் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சீட்டு..." என்றேன்.

"பேசக் கூடாதுண்ணே. அன்னிக்கே கோடு போட்டிருந்தேனே" என்றான் சிட்டிபாபு.

அவனைப் பார்த்தேன். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பிளேடு மாற்றினான். ஒன்று. என் தலையைத் தடவிப் பார்த்து, இன்னொன்றை எடுத்துத் தயாராகப் பக்கத்தில் வைத்தான். சத்தமே இல்லாமல் வைத்தான். எழுந்து போக எனக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லை.

பின்னால் வரிசையாக நின்ற சொந்தக்காரர்கள் பக்கம் தில்லை திரும்பினாள்.

"எல்லாம் போய் டீ குடிச்சிட்டு வாங்கப்பா. இது எங்க வீட்டுக்காரர் தலை. நேரமாவும்."

ஒன்பது பேரும் போனார்கள்.