ஊருக்குப் புறப்பட்ட தெரு

"கூட்டம் இல்லையேப்பா" என்றார் மேலாளர்.

டிராலிக்காரர் தள்ளிக்கொண்டு வந்த டிராலி வரிசையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். விமான நிலையக் கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு காலியாகக் கிடந்தன. மூலையில் ஒரே ஒரு பயணி, செருப்பைக் கழற்றித் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் அவரும் போய்விடுவாரோ என்று யாரும் எழுப்பவில்லை.

"மத்தியான பிளைட்டுக்கு வருவாங்க சார்."

"மத்தியானம் வந்து என்ன பிரயோஜனம்? நாளைக்குக் காலையில கமிட்டி வருது. ஜனம் நெரியுது, கூடம் பத்தலை, ஓடுபாதை பத்தலைன்னு நான் எழுதி அனுப்பியிருக்கேன். அவங்க வந்து பார்த்தா இவர் குறட்டை விட்டுட்டு இருப்பார்."

மேலாளர் நல்ல மனிதர். கவலை வந்தால் கழுத்துப் பட்டையைத் தளர்த்துவார். அன்று அது தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் விரிவாக்கத் திட்டத்தின் படம் தொங்கியது. கிழக்கே இருக்கும் முள்ளுக்காட்டை அழித்து ஓடுபாதையை அந்தப் பக்கம் நீட்டுவது, கண்ணாடியில் ஒரு புதுக் கூடம் கட்டுவது என்று திட்டம். படத்தில் இருந்த ஜனங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே டிராலி தள்ளினார்கள். டிராலி தள்ளுகிறவன் சிரித்து டிராலிக்காரர் இதுவரை பார்த்ததில்லை.

"கமிட்டி ஒத்துக்கலைன்னா என்ன சார் ஆகும்?"

"இருக்கற பிளைட்டையும் குறைப்பாங்க. ஆளையும் குறைப்பாங்க. உன்னைத் தலைநகரத்து ஏர்போர்ட்டுக்கு மாத்திடுவாங்க. அங்க டிராலி தள்ள ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

டிராலிக்காரர் மேற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

விமான நிலையத்தின் மேற்குச் சுவருக்குப் பின்னால் ஒரு தெரு. அந்தத் தெருவின் கடைசியில் அவருடைய வீடு. வாடகை வீடுகளாக மாறி மாறிக் குடியிருந்து, ஊரார் மூட்டையைத் தூக்கித் தோள்பட்டை தேய்ந்து, கடைசியில் அவரும் மனைவியுமாகச் சாந்து குழைத்துக் கட்டிய வீடு. கூரை போட்டு ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. மிச்சச் செங்கல் இன்னும் வாசலில் அடுக்கிக் கிடந்தது. குடிவந்த அன்றே மனைவி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டாள்: "இனிமே என்னை இங்கேருந்து கிளப்பணும்னா எமன்தான் வரணும்."

அந்த எமன் மாற்றல் உத்தரவாக வந்து நிற்பான் என்று யார் நினைத்தார்கள்?

விஷயத்தைக் கேட்டதும் மனைவி அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கூட்டம்தானே வேணும்? நம்ம தெருவுல இல்லாத கூட்டமா?"

"விளையாடாதே. டிக்கெட் இல்லாம எப்படி?"

"வழியனுப்ப வந்தவங்கன்னு உள்ள விடறாங்கள்ல? அப்படி விடச் சொல்லுங்க உங்க சாரை. உள்ள வந்தப்புறம் யார் போறவங்க, யார் அனுப்ப வந்தவங்கன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

பக்கத்து வீட்டு மச்சான் காதில் இது விழுந்தது. மனைவியின் அண்ணன்; பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் அதட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் இளைத்துப்போயிருந்தார்.

"கூட்டத்தை எங்கிட்ட விடுங்க மாப்ளே" என்றார், விரலைச் சொடுக்கி. "ஒரு வண்டியில ரெண்டு வண்டி ஜனத்தை ஏத்தினவன் நான்."

மேலாளரிடம் சொன்னபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நான் எதையும் கேக்கலை" என்று சொல்லிவிட்டு, வாசல் காவலரைக் கூப்பிட்டு, காலையில் வருகிறவர்களை அதிகம் நோண்ட வேண்டாம் என்றார். போகும்போது ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பி வந்து சொன்னார்.

"விமானச் சத்தம்னு மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்துல குடியிருக்கறவங்களுக்குத் தொந்தரவுன்னு கமிட்டி காதுல விழுந்தா, அதோட திட்டம் காலி."

மறுநாள் காலை தெருவே புறப்பட்டு வந்தது. எல்லார் உடம்பிலும் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த துணி. தையல்காரர் மெஷின் மூடியைப் பெட்டி மாதிரி தூக்கி வந்தார். பெட்டி இல்லாதவர்கள் பள்ளிக்கூடப் பை, சாக்குப் பை, ஒருத்தி மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி.

"வாளியோட யார்க்கா பிளைட்டு ஏறுவாங்க?" என்றார் டிராலிக்காரர்.

"ஏன், போற ஊர்ல குளிக்க மாட்டாங்களா?"

முதல் தொல்லை வாசலிலேயே வந்தது. காவலர் ஒரு பையை நகர்த்தச் சுண்டு விரலால் தூக்கினார். அது காற்றில் ஆடியது.

"அண்ணே, எல்லாம் வெறும் பை. கமிட்டிக்காரங்க கால் பட்டாலே பறந்துடும்."

டிராலிக்காரர் யோசித்தார். சாமான் கனமாக இருக்க வேண்டும், உடனே கிடைக்கவும் வேண்டும். வாசலில் அடுக்கிக் கிடந்த மிச்சச் செங்கல் நினைவுக்கு வந்தது. ஓடினார். டிராலியில் ஏற்றி, மூச்சு வாங்கத் தள்ளி வந்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பைகளில் போட்டார். இப்போது பைகள் கனத்தன. அதிகமாகவே கனத்தன. யாராலும் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு பையையும் அவரே தூக்கிக் கூடத்துக்குள் வைக்க வேண்டியதாயிற்று.

"கூலி இல்லாத வேலைன்னா மட்டும் இந்த மனுஷன் எப்படி ஓடறார் பாரு" என்றாள் மனைவி.

உள்ளே வந்தவர்கள் எல்லாரும் சுவர் ஓரமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் பேசவில்லை. மேலாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னப்பா இது, ஆஸ்பத்திரியில ரிசல்ட்டுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கு!"

"கொஞ்சம் நடமாடுங்க" என்று டிராலிக்காரர் கெஞ்சினார்.

நடமாடினார்கள். எல்லாரும் ஒரே பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக, கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். டாக்டர் சொல்லி நடக்கிறவர்கள் மாதிரி இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த பயணி கண்ணைத் திறந்து, இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டு, கனவென்று நினைத்து மறுபடி மூடிக்கொண்டார். நேற்றைய விமானத்தைத் தூக்கத்தில் விட்டவர் அவர்.

"மச்சான், இவங்களைக் கவுன்ட்டர்ல வரிசையா நிறுத்துங்க" என்றார் டிராலிக்காரர். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு.

மச்சானுக்கு உயிர் வந்துவிட்டது. "உள்ள போ, உள்ள போ! படியில நிக்காதே! பின்னாடி இவ்வளவு இடம் கிடக்கு, முன்னாடியே ஒட்டிக்கிட்டு நின்னா எப்படி?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெரு முழுக்கக் கவுன்ட்டர் முன்னால் போய் அடைந்தது. அந்த நேரம் பார்த்து, பாவம், நிஜப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களையும் மச்சான் விடவில்லை. டிக்கெட்டைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்த ஒருவரை, "டிக்கெட் எல்லாருக்கும்தான் சார் கொடுப்பாங்க, பொறுமையா வாங்க" என்று கடைசிக்கு அனுப்பினார். தூங்கியவரையும் எழுப்பிக் கொண்டுபோய் அவருக்கும் பின்னால் நிறுத்தினார். அவர் நின்றபடியே தூங்கினார்.

கவுன்ட்டர் பெண் தையல்காரரிடம் கேட்டாள்: "எங்க போறீங்க?"

"எங்க போகணும்?" என்று தையல்காரர் டிராலிக்காரரைப் பார்த்தார்.

கமிட்டி அந்த நிமிஷம் உள்ளே நுழைந்தது.

கமிட்டித் தலைவர் சாதுவான ஆள். கதவைத் தாண்டி வர முடியாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். வரிசையின் வால் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றது. உள்ளே நிஜப் பயணிகள் போட்ட கூச்சலும், மச்சான் போட்ட அதட்டலும் கூரையைப் பிய்த்தன.

"அடேயப்பா!" என்றார் தலைவர். "நீங்க எழுதினது குறைச்சல் சார்."

மேலாளர் அடக்கத்தோடு தலை குனிந்தார். கழுத்துப் பட்டை ஒரு சாண் மேலே ஏறியது.

எல்லாம் அதோடு முடிந்திருந்தால் டிராலிக்காரர் நிம்மதியாக ஒரு டீ குடித்திருப்பார். ஆனால் தலைவர், ஜனங்களோடு கொஞ்சம் பேச வேண்டும் என்றார். பேசுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது டிராலிக்காரரின் மனைவியை.

"எங்கம்மா பயணம்?"

"ஊருக்குங்க."

"அடிக்கடி போவீங்களா?"

"இறங்கின கையோட மறுபடி ஏறறதுதாங்க."

தலைவர் மகிழ்ந்துபோனார். அவரோடு வந்த உதவியாளர், மரியாதைக்கு அந்த அம்மாவின் பையைத் தூக்கி டிராலியில் வைக்கப் போனார். "ஐயோ!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பையின் ஜிப் வாய் பிளந்தது. உள்ளேயிருந்து ஒரு செங்கல், என்ன விசேஷம் என்பதுபோல எட்டிப் பார்த்தது.

டிராலிக்காரர் ஒரு டிராலிக்குப் பின்னால் ஒதுங்கினார். தலைநகரத்து விமான நிலையம், அங்கே நீளமாகக் காத்திருக்கும் டிராலி வரிசை, வாடகை வீட்டின் ஒழுகும் கூரை எல்லாம் கண்ணுக்குள் ஓடின.

"செங்கல்லாம்மா இது?" என்றார் தலைவர்.

"ஆமாங்க" என்றாள் மனைவி, கண் இமைக்காமல். "அங்க வீடு கட்டறோம்."

"செங்கல் அங்க கிடைக்காதா?"

"கிடைக்குது. கையில எடுத்தா மாவா உதிருது. இது நாங்க பார்த்துப் பார்த்துப் பொறுக்கினது."

தங்கச்சி மாட்டிக்கொண்டாள் என்று நினைத்து மச்சான் உதவிக்கு வந்தார். "நானும் அங்கதான் கட்டறேன் சார்" என்று தன் பையைத் திறந்து காட்டினார். அவரைப் பார்த்துத் தையல்காரர் திறந்தார். வாளிக்காரி மூடியைத் தூக்கினாள். கூடம் முழுக்கச் செங்கல்.

"எல்லாருமா?" தலைவர் மூக்கில் விரலை வைத்தார். "நீங்க எல்லாம் இங்க எந்தப் பகுதி?"

டிராலிக்காரர் டிராலிக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். மனைவி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"இதோ, இந்த மேற்குச் சுவருக்குப் பின்னாடி தெருதாங்க."

"அட, ரொம்பப் பக்கமாச்சே! விமானச் சத்தத்துல தூங்கவே முடியாதேம்மா?"

மேலாளருக்கு இருமல் வந்தது. கழுத்துப் பட்டை கீழே இறங்கத் தொடங்கியது. மனைவி நிதானமாகச் சிரித்தாள்.

"சத்தமா? கேக்கறதுக்கு அங்க ஆள் இருந்தாத்தானேங்க? எங்க தெருவுல ஒருத்தரும் வீட்டுல தங்கறதில்ல. எப்பவும் பூட்டின வீடுதான். வந்தா எட்டிப் பார்ப்போம், ஒட்டடை அடிப்போம், கிளம்பிடுவோம்."

"பூட்டுகூடத் துருப்பிடிச்சுப் போச்சு சார்" என்றார் தையல்காரர். தெரு மொத்தமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

தலைவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் இடுப்பைத் தேய்த்தபடியே தலையசைத்தார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு திருப்தி.

அன்றைக்கு விமானம் தாமதமாகப் போனது. தூங்கியவரை ஏற்ற மறந்துவிட்டார்கள். தெரு வெறும் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசியபடி வீட்டுக்குப் போயிற்று. செங்கல்லைத் திருப்பி எடுத்துப் போக யாருக்கும் தெம்பில்லை. வேலை முடிந்தபின் டிராலிக்காரரே நடை நடையாகத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் இறக்கினார். அதை மறுபடி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த ஓய்வு நாளில் சாந்து குழைத்து, வாசலுக்கு அகலமாக ஒரு படி கட்டிவிட்டார். ஊர் சுற்றி வந்த செங்கல் என்று மனைவி கேலி செய்தாள்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. விரிவாக்கம் உறுதி. மேலாளர் கழுத்துப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து டிராலிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உனக்கு இனி மாற்றலே கிடையாது. புதுக் கூடத்துல டிராலிக்கெல்லாம் நீதான் மேஸ்திரி."

டிராலிக்காரர் அன்று நடந்து வீட்டுக்கு வரவில்லை, மிதந்து வந்தார். எதிரில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னார். மச்சான் தன்னால்தான் என்றார். தையல்காரர் தன்னுடைய பூட்டால்தான் என்றார்.

மனைவி புதுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அன்னைக்கு நான் மட்டும் வாயைத் திறக்கலைன்னா, இந்நேரம் தலைநகரத்துல தண்ணிக் குழாய்ல சண்டை போட்டுட்டு இருப்போம்" என்றாள். டிராலிக்காரர் தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படியை உள்ளங்கையால் தடவிக்கொடுத்தார். முதுகு வலிகூட அன்று இதமாக இருந்தது.

அப்போது தெரு முனையிலிருந்து ஒரு ஆள், ஒரு கையில் அளவு நாடாவும் மறு கையில் சிவப்புச் சாயத் தகரமுமாக வந்தான். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் இவர்கள் எதிரில் நின்று வியர்வையைத் துடைத்தான். வெயிலில் அலைகிறவன் என்று மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கொஞ்சம் எந்திரிங்கண்ணே" என்றான். எழுந்தார்கள். குனிந்து, புதுப் படியின் நடுவில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தான்.

டிராலிக்காரர் சிரித்தார். "தப்பான பக்கம் வந்துட்டே தம்பி. ஏர்போர்ட்டு வேலைதானே? முள்ளுக்காடு கிழக்குப் பக்கம்."

"அங்க ஆடு மேய்க்கறவங்க குடிசை போட்டு இருக்காங்கண்ணே, கிளப்புனா பாவம்னு விட்டுட்டாங்க" என்று அவன் டம்ளரை அவர் மனைவியிடம் நீட்டினான். "இந்தத் தெருவுலதான் யாருமே குடியிருக்கறதில்லையாம், எல்லாரும் வேற ஊர்ல வீடு கட்டிக்கிட்டாங்களாம். ஏர்போர்ட்டுல ஒரு அம்மா செங்கல்லோட வந்து சொன்னாங்களாம்."