சுப்பாத்தாள் கப்பலேற்றிய வாத்தியார்

இங்கிலீஷ் கதாநாயகிக்கு மோவாயில் மரு இருக்கிறது என்று ஞானசம்பந்தம் சொன்னதும், சுப்பாத்தாளின் மடியிலிருந்த பனியன் நழுவி விழுந்தது. எதிரே உட்கார்ந்து பனியன் மடிக்கும் செல்லாத்தாளுக்கும் அதே இடத்தில் மரு!

பனியன் கம்பெனிக் கணக்கரான ஞானசம்பந்தம் பி.ஏ.வில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவர். மறுபடி பரீட்சை எழுதுவதற்காக, பாட நாவலை மத்தியானத்தில் மடிப்புப் பெண்களுக்குத் தமிழில் சொல்வார். கதை ஓடினால் வேலையும் ஓடுகிறதென்று முதலாளியும் விட்டுவிட்டார். பேனா மூடியைத் திருகித் திருகி அவர் கதை சொல்லும் அழகில் சுப்பாத்தாள் மனதைப் பறிகொடுத்திருந்தாள். அவரோ மருவைப் பாடுகிறார். அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டு எடுத்துப் போனாள்.

"ஏனுங்க, அந்தத் துரைசானிக்கு மரு நல்லாவே இல்லீங்க. எடுத்துப் போடுங்க."

"புஸ்தகத்துல இருக்குதுங்க அம்மிணி..." என்றவர் கச்சாயத்தைப் பார்த்தார். "சரி, எடுத்துடறேனுங்க."

அன்று மரு போயிற்று. ஆனால் துரைசானி சிரித்தால் கன்னத்தில் குழி விழுந்தது. எல்லோரும் திரும்பிச் செல்லாத்தாளைப் பார்க்க, அவள் சிரித்துத் தொலைத்தாள். குழி விழுந்தது!

"துரைசானிக்குக் காய்ச்சல் வரோணுங்க. கடுமையா!" என்றாள் சுப்பாத்தாள்.

காய்ச்சலும் வந்தது. துரைசானியைக் காதலிக்கும் சீமான் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் பிழிந்து கொடுத்தான். மடிப்புப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "அழுகாதீங்க, நாளைக்குக் குணமாயிரும்" என்று ஞானசம்பந்தம் செல்லாத்தாளைப் பார்த்தே சொன்னார்.

சுப்பாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "எப்பப் பாரு துரைசானிதானா? சுருட்டை முடியோட ஒரு தோழி வர்றாளே, அவளுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதுங்களா?" என்றாள். சுப்பாத்தாளுக்கும் சுருட்டை முடிதான்.

ஞானசம்பந்தத்தின் முகம் மலர்ந்தது. மறுநாள் கதைக்குள் ஒரு வாத்தியார் நுழைந்தார். தோழியைக் கண்டால் அவருக்குப் பேச்சே வராது. குடையை விரிப்பார், மடக்குவார், விரிப்பார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்லாத்தாள்தான் அதிகம் சிரித்தாள்.

சுப்பாத்தாள் கதை முடிந்ததும் அவர் மேஜைக்கே போய்விட்டாள். "அவளுக்குச் சீமான், தோழிக்குக் குடைக்கார வாத்தியாரா? எந்தப் பொம்பளை அவரைக் கட்டுவாளுங்க? கண் காணாத சீமைக்குக் கப்பலேத்தி உடுங்க!"

பேனா மூடி கீழே உருண்டது. "அப்படீங்களா அம்மிணி?"

"அப்படித்தானுங்க!"

மறுநாள் வாத்தியார் குடையோடு கப்பலேறினார். ஞானசம்பந்தம் அத்தோடு புத்தகத்தை மூடினார். அதற்கடுத்த நாள் அவர் நாற்காலி காலி. தாராபுரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாராம்.

"செல்லாத்தாளைப் பொண்ணு கேக்கத்தான் வேற வேலை தேடியிருப்பாரு" என்று சுப்பாத்தாள் பொருமினாள்.

டீ கொண்டு வந்த ராமாத்தாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"செல்லாத்தாளுக்குத்தான் வெள்ளகோவில்ல நிச்சயமாயிருச்சே! புஸ்தகத்துலயே இல்லாத வாத்தியாரை அவராச் சேர்த்து உம் மனசைக் கேட்டுப் பார்த்தாரு. ஞாயித்துக்கிழமை உங்க ஊட்டுக்குப் பொண்ணு கேட்டு வர்றதா எங்கிட்டச் சொல்லியிருந்த மனுசனை நீயே கப்பலேத்திட்டயே, கண்ணு!"